எல்லாம் ஆண் பூச்சி

மேல்மாடி அறைக்குக் குடிவந்தவர் பூச்சி ஒழிக்கும் கம்பெனியில் வேலை செய்கிறார் என்பது அவருடைய சாமான் இறங்கி முடிவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. இதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை, அவர் பெட்டியின் மேலேயே எழுதியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் இரண்டு நாள் பிடித்தது. வயது நாற்பத்தொன்று என்று தெரிய ஒரு வாரம் ஆனது.

நான் தையல் வேலை செய்கிறவள். முதல் மாடியில் ஜன்னலோரம் என் மெஷின். ஜன்னலுக்கு நேர் கீழே பேக்கரி. நானாக எதையும் தேடிப் போவதில்லை. மிதிக்க மிதிக்கத் தெருவில் நடப்பது தானாகக் காதில் வந்து விழுகிறது. விழுவதை வேண்டாம் என்று தள்ளுவது எப்படி?

பேக்கரியை நடத்துகிறவளுக்கு முப்பத்தெட்டு வயது. அவள் புருஷன் ஏழு வருஷத்துக்கு முன்னால் மாவு வாங்கி வருகிறேன் என்று போனவன், இப்போது வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருக்கிறான். "மாவை மட்டும் ஒழுங்கா அனுப்பிட்டான், தங்கமான மனுஷன்" என்று தெருவில் சொல்வார்கள். முதலில் சொன்னது நான்தான். ஆனால் இப்போது எல்லாரும் சொல்வதால் அது பொதுச் சொத்து.

பூச்சிக்காரர் தினமும் காலை ஏழரைக்கு அங்கே போய் ஒரு பன் வாங்குவார். தோள்பையில் சாப்பாட்டு டப்பா முட்டிக்கொண்டு நிற்கும்போதே பன் வாங்குவார். வாங்கிய பன்னை அங்கேயே நின்று, கோழி கொத்துகிற மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பார். பேச்சு என்றால் பூச்சிப் பேச்சுதான், வேறு பேச்சு அவருக்கு வராது.

"பொம்பளைப் பூச்சி எங்கயும் அலையாதுங்க. ஒரு மூலையில உட்கார்ந்து வால் பக்கத்தைத் தூக்கும், அவ்வளவுதான். வாசனை காத்துல போயிடும். ஆம்பளைப் பூச்சி தலையில ரெண்டு கொம்பு மாதிரி இருக்குல்ல, மோப்பம் அதுலதான். பட்டதும் காத்துக்கு எதிரா ஏறி வரும்."

"நேரா வந்துருமா?" என்று கேட்டாள் அவள்.

"வாசனை இருக்கிற வரைக்கும் வரும். நடுவுல விட்டுப்போச்சுன்னா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்த் தடவும். மறுபடி கிடைச்சா ஏறும்."

"கிடைக்கலைன்னா?"

"தடவிக்கிட்டே இருக்கும்."

"பாவம்" என்றாள். "நமக்குத் தெரியுமா அந்த வாசனை?"

"மூக்குலயே ஒட்டி வச்சாலும் தெரியாதுங்க."

மூன்று மாதமாக இதே கதை. மூக்குக்கே தெரியாத வாசனையைப் பிடித்துக்கொண்டு ஒரு பூச்சி தெருக்கோடியிலிருந்து வந்துவிடுகிறதாம். இந்த மனுஷனால் மூன்றடிக் கண்ணாடிப் பெட்டியைத் தாண்டி ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. எதிர்சாரி மருந்துக்கடைக்காரரிடம் நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஆசைதான். அவர் வருகிற நேரத்துக்கு அவள் தலையை ஒதுக்கிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். ஏழரை தாண்டினால் அவள் கண் வாசலுக்குப் போவதையும் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் பூச்சிக்காரர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் சோப்பு டப்பா அளவுக்கு ஓர் அட்டைப்பெட்டி.

"டெய்லரக்கா, ஒரு உதவி. இதை உங்க ஃபிரிட்ஜுல மேல்தட்டுல வச்சுக்க முடியுமா? என் ரூம்ல ஃபிரிட்ஜ் இல்ல. சூடு பட்டா வீணாப் போயிடும்."

"உள்ள என்ன?"

"பொம்பளைப் பூச்சி வாசனை ஏத்தின ரப்பருங்க. பொறிக்குள்ள வைக்கிறது. ஆம்பளைப் பூச்சி ஏமாந்து வந்து பசையில ஒட்டிக்கும். கம்பெனி குடோன்லதான் வைக்கணும், ஆனா அது ரெண்டு பஸ் மாறிப் போகணும். தினம் போய் எடுத்துட்டு வந்தா வேலை பார்த்த மாதிரிதான்." போகும்போது வாசலில் திரும்பி நின்றார். "திறக்காதீங்கக்கா. திறந்தா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனாலும் திறக்காதீங்க."

பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான். மூன்று நாள் பொறுத்தேன். என் வரைக்கும் அது தவம். நாலாம் நாள் திறந்தேன். உள்ளே வெள்ளி நிறப் பை, அதற்குள் ஊசிமருந்து பாட்டில் மூடி மாதிரி சின்னச் சின்ன சாம்பல் நிற ரப்பர். முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. இதற்கா இவ்வளவு பந்தா என்று தோன்றியது.

அந்த வாரம் பேக்கரிக்கு ஆறு ஏப்ரன் தைத்துக்கொண்டிருந்தேன். தடித்த கித்தான் துணி. பை வைக்கிற மூலையில் துணி நாலு மடிப்பாக வரும். மெஷினில் இரண்டு ஊசி முறிந்ததும் மூலைகளை மட்டும் கையால் தைத்தேன். ஊசி உள்ளே போகும், வெளியே வராது. இழுத்தால் விரல் வழுக்கும். இதற்கென்றே ஒரு ரப்பர் துண்டு வைத்திருந்தேன், அது காய்ந்து உதிர்ந்துபோயிருந்தது. பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து ஊசியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அடடா, என்ன பிடி! ஆறு ஏப்ரன், பன்னிரண்டு மூலை, ஒரே மத்தியானத்தில் முடித்தேன். ரப்பரை ஊசி டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டேன். அத்தனை ரப்பரில் ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு வாசனையும் இல்லாததில் என்ன கெடுதல் இருந்துவிடப்போகிறது?

திங்கட்கிழமை அவளும் வேலையாட்களும் புது ஏப்ரன் கட்டினார்கள். வியாழக்கிழமை பேக்கரிக்குள் பூச்சி.

சின்னப் பூச்சிதான். சிறகில் மேல்பாதி வெளுப்பு, கீழ்ப்பாதி செம்பு நிறம். ஆனால் பேக்கரியில் பறந்தால் அது யானை. கேக் வாங்க வந்த பள்ளிக்கூட டீச்சர் கிரீமின் மேல் ஒன்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இதுக்குத் தனியா பணம் உண்டா?" என்று கேட்டாராம். சனிக்கிழமை ஆஸ்பத்திரிச் சமையல்கூடம் ரொட்டிக்கூடையைத் தொடாமலே திருப்பி அனுப்பியது.

பூச்சிக்காரர் லீவு போட்டுவிட்டு வந்து பார்த்தார். மூன்று மூட்டை மாவையும் சலித்தார். அலமாரி இடுக்கில் டார்ச் அடித்தார். அடுப்புக்குப் பின்னால் படுத்துக்கொண்டே பார்த்தார். முந்தின நாளே மூலைக்கு ஒன்றாக வைத்திருந்த அட்டைப் பொறிகளைப் பிரித்துப் பார்த்தார். நான் பிஸ்கட் வாங்கப் போனேன். அரை மணி நேரமாக எந்தப் பிஸ்கட் என்று எனக்குத் தீர்மானமாகவில்லை.

"ஒரு புழு இல்ல. நூலாம்படை இல்ல" என்று தூசியோடு எழுந்தார். "பொறியில ஆம்பளைதான் விழும், அது சரி. ஆனா நான் புட்டியை வச்சுக் கையால பிடிச்சதும் அத்தனையும் ஆம்பளை. இங்கயே பொறந்து வளர்ந்ததுன்னா பாதிக்குப் பாதி பொம்பளை இருக்கணும்ல?"

"அப்ப?" என்றாள்.

"வெளியில இருந்து வருது. தெருக்கோடி பறவைத்தீனிக் கடையில வளர்ந்ததா இருக்கும். அது ஏன் இங்க வருதுங்கிறதுதான் புரியலை. பொம்பளை வாசனை இங்க எங்கயோ இருக்கு. யாரோ கொண்டுவந்திருக்காங்க."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். சத்தியமாக உறைக்கவில்லை. கையில் புதுச் செய்தி இருக்கும்போது எனக்கு வேறெதுவும் தோன்றாது. நேராக மருந்துக்கடைக்குப் போனேன்.

"வாசனையை யாரோ கொண்டுவந்தாங்களாம். யார் கையில இருக்கு அந்த வாசனை? நீங்களா நானா?" என்றேன். "பன் தின்னு பார்த்தாரு, நடக்கலை. இப்ப பூச்சியைத் தூது விடறாரு போல."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நான் விட்டது ஒரு நூல். சாயங்காலம் அது என்னிடமே திரும்பி வந்தபோது காலர் வைத்து, பொத்தான் தைத்து, முழுச்சட்டையாக இருந்தது. பூச்சிக்காரர் பாக்கெட்டில் புட்டி வைத்திருந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு பூச்சியாகத் திறந்துவிட்டதைக்கூட ஒருவர் பார்த்திருந்தார்.

மறுநாள் ஏழரைக்கு அவர் வந்தார்.

"பன் இல்லைங்க" என்றாள்.

"அதோ அடுக்கியிருக்கே."

"உங்களுக்கு இல்ல."

கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். ஜன்னலில் நான்.

"என்னை ஏற்கெனவே ஒருத்தன் சூழ்ச்சி பண்ணித்தான் கட்டினான். பட்டது போதும். உங்க பொறியை எல்லாம் எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. இனிமே இந்தப் படி ஏறாதீங்க."

அவர் அட்டைப் பொறிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். ஒன்று கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுக்க அவருக்கு வெகுநேரம் ஆனது.

அன்று மத்தியானம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். நாடா பிய்ந்த ஏப்ரன் ஒன்று ஒரு கையில், இன்னொரு கையில் கடிதம்.

"அக்கா, இதைத் தைச்சு வைங்க. அப்புறம் இது அவரு கம்பெனிக்கு. வேணும்னே பூச்சி விட்டாருன்னு எழுதியிருக்கேன். வெள்ளிக்கிழமை தபால்ல போட்டுடுவேன்."

"அவசரப்படாதேம்மா. வேலை போயிடும்."

"என் கடை போனா யாரு பார்ப்பா?" என்றாள். கண் சிவந்திருந்தது. கடைக்காக மட்டும் அழுத கண்ணாக அது தெரியவில்லை.

ஏப்ரனை ஜன்னல் கம்பியில் மாட்டினேன். விளக்குப் போடுகிற நேரத்துக்கு ஒரு பூச்சி வந்தது. பிறகு இன்னொன்று. வந்தவை விளக்கைச் சட்டை செய்யவில்லை. சோற்றுப் பக்கம் போகவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவித் தடவி, கடைசியில் ஏப்ரன் பையின் இரண்டு மூலைகளில் போய்ச் சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு சுற்றின. மூலையில் மட்டும். நான் கையால் தைத்த மூலை.

 மெஷினுக்குப் பக்கத்தில் திறந்து கிடந்த ஊசி டப்பாவை எட்டிப் பார்த்தேன். ரப்பரைச் சுற்றி மூன்று பூச்சிகள், ஊசிகளுக்கு நடுவில், மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி.

எங்கள் வீட்டு மனுஷர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். "என்ன, இங்கயும் வந்துருச்சா?"

"காத்துக்கு வருது" என்றேன். மூடியை இறுக்கி மூடினேன்.

அன்று புதன்கிழமை. வியாழன் முழுக்க நான் ஜன்னலைத் திறக்கவில்லை. மாடிப்படியில் அவர் காலடி கேட்டால் மெஷினை வேகமாக மிதித்தேன், துணியே இல்லாமல். சொன்னால் என்ன ஆகும்? தெருவே என் வாசலில் நின்று சிரிக்கும். மற்றவர்கள் வாசலில் நான் நின்று சிரித்ததற்கெல்லாம் சேர்த்துச் சிரிக்கும். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். வெள்ளிக்கிழமை விடிந்தது. அப்போதும் நாளைக்கு என்றுதான் இருந்தேன்.

பத்து மணிக்கு அவரே வந்தார்.

"பெட்டியை எடுத்துக்கிறேன்க்கா. ரூமைக் காலி பண்ணலாம்னு இருக்கேன்."

கொடுத்தேன். நின்றபடியே பையைப் பிரித்து எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"இருபத்தஞ்சு இருக்கணும். ஒண்ணு குறையுது."

"கம்பெனியில சரியா எண்ணிப் போட்டாங்களா?" என்றேன். வெட்கம் கெட்ட வாய், அதுவாகப் பேசியது.

அவர் கம்பியில் தொங்கிய ஏப்ரனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பகலிலும் அதில் இரண்டு பூச்சிகள் ஒட்டியிருந்தன. கிட்டே போனார். பை மூலையில் விரலை வைத்தார்.

"இந்த இடத்தை எதை வச்சுக்கா தைச்சீங்க?"

ஊசி டப்பாவைத் திறந்து நீட்டினேன். அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஊசி இழுக்கவா?"

"ஆமா."

"நல்லாத்தான் பிடிச்சிருக்கும்" என்றார். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நான் போய்ச் சொல்லிடறேன். ஆனா ஒண்ணு... சொன்னா உங்க பெட்டி என் வீட்டுல இருந்த விஷயம் வெளியில வரும். கம்பெனி சும்மா விடாது. உங்களுக்காகத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"வேலை போனா வேற வேலை பார்க்கலாம்க்கா." குரல் தணிந்திருந்தது. "அவங்க என்னை அந்த மாதிரி ஆளுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க பாருங்க, அதான் தாங்கலை."

"அப்ப நீங்களே சொல்லுங்களேன்."

"பூச்சி பிடிக்கிறவன் வந்து, ரப்பர் தொலைஞ்சுபோச்சு, நான் விடலைன்னா... நீங்களா இருந்தா நம்புவீங்களா?"

கீழே போனேன். பதினாலு படி. அவள் மாவை வெட்டி எடை போட்டுக்கொண்டிருந்தாள். "ஒரு ரொட்டி" என்றேன். எடுத்து வைத்தாள். "அரை டஜன் பன்" என்றேன். வைத்தாள். "கேக்கு இருக்கா?" என்றபோது நிமிர்ந்தாள்.

"என்னக்கா விஷயம்?"

சொன்னேன். என் ஆயுளில் நான் இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன கதை வேறில்லை.

அவள் தன் இடுப்பிலிருந்த ஏப்ரனை அவிழ்த்தாள். மற்றவர்களிடமிருந்தும் வாங்கினாள். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்து வாயைக் கட்டினாள். முடிச்சைப் போட்டுக்கொண்டே, "எப்பக்கா தெரிஞ்சுது?" என்றாள்.

"முந்தாநாள்."

"முந்தாநாள்" என்றாள். "தூது விடறாருன்னு கிளப்பினதும் நீங்கதானா?"

"சும்மா சிரிப்புக்குச் சொன்னதும்மா."

"யாரு சிரிச்சா?"

 "லெட்டரு?" என்று கேட்டேன்.

"காலையில எட்டு மணிக்குப் போட்டாச்சு."

திங்கட்கிழமை நாங்கள் இருவரும் அந்தக் கம்பெனிக்குப் போனோம். பஸ்ஸில் அவள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தாள். வழி முழுக்க அவள் பின்னல்தான் எனக்குத் துணை. மேனேஜர் நான் சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தார், பிறகு விதிப்புத்தகத்தை எடுத்தார். புகாரைத் தள்ளுபடி செய்தார். ஆனால் சரக்கை வெளியாள் வீட்டில் வைத்தது தப்புதானாம். ஆளை வேறு ஊர்க் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

பேக்கரியில் பூச்சி நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்கூடை மறுபடி போக ஆரம்பித்தது. ஏழரைக்கு மட்டும் யாரும் வரவில்லை. அவர் பின்படி வழியாகப் போய் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு இறங்கினார். என் வீட்டு வாசல் திருப்பத்தில் அவள் நின்றிருந்தாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். இருக்க வேண்டிய இடம்தானே.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றாள். "முன்னாடி ஒருத்தன் செஞ்சதை வச்சு..."

"தெரியுங்க."

"அப்புறம் ஏன் போறீங்க? லீவு போடலாம், எழுதிக் கேட்கலாம்."

"மூணு மாசம் தினம் வந்தேன்." பெட்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "ஊரு என்ன வேணா சொல்லட்டும். நீங்க என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அவள் ஏதாவது சொல்வாள் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லு, சொல்லித் தொலை.  பெட்டி மறுபடி கிளம்பியது. படிப்படியாக இடித்துக்கொண்டு கீழே போனது. வாசல் கேட் சாத்திய பிறகும் வெகுநேரம் வெளியே அசைவே இல்லை.

"அக்கா, கதவைத் திறங்க. அடியில உங்க கால் தெரியுது."

திறந்தேன். அழுதிருந்தாள். முழங்கை வரை மாவு.

"அவரு எந்த பஸ்ஸு? உங்களுக்குத் தெரியாம இருக்காது."

"பதினொண்ணு நாற்பது. மூணாம் நம்பர் பிளாட்ஃபாரம்" என்றேன். கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று இருபத்தைந்து. ஸ்டாண்டுக்கு நடந்தால் இருபது நிமிஷம்.

அவள் படியிறங்கிப் போனாள். நான் ஜன்னலுக்கு ஓடினேன். தெருவில் அவள் நடந்துகொண்டிருந்தாள், யோசித்து யோசித்து, நாலடி வைப்பதும் நிற்பதுமாக. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஓடு!" என்று கத்தினேன். "நடந்தா கிடைக்காதுடி, ஓடு!"

மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். தெருவே என்னைப் பார்த்தது. அவள் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் மூலை திரும்புகிறபோது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்திருந்தாள்.